தோற்கத் துணியாத கருதுகோள்கள்: 'அன்ஃபால்சிஃபயபிள்' என்னும் சொல்லும் தமிழாய்வும்

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளைச் சேர்ந்தோர் பிறதுறைக் கருத்தரங்குகளில் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் ஒன்று உண்டு. தமிழின் தொன்மை குறித்தோ முச்சங்க வரலாறு குறித்தோ கட்டுரை படிக்கப்பட்டவுடன் வரலாற்றுத் துறையினர் ஒருவர் எழுந்து, 'இக்கூற்று அன்ஃபால்சிஃபயபிள்' என்று மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவார். கட்டுரை படித்தவர், 'இதனை நிறுவுவதற்குச் சான்றுகள் பல உள்ளன' என்று கூறி மேலும் நான்கு மேற்கோள்களை அடுக்குவார். வினா ஒன்று, விடை மற்றொன்று. வினவியவர் சான்று போதவில்லை என்று கூறவில்லை. எந்தச் சான்றாலும் அசைக்க முடியாதவாறு கூற்று அமைக்கப்பட்டிருக்கிறது என்றே கூறினார். இந்த வேறுபாடு இரு சாராருக்கும் தெளிவாக இருப்பதில்லை. சொல்லை எறிபவர் பலரும் அதனை 'நம்பத்தகாதது' என்பதற்கு ஓர் அலங்காரச் சொல்லாகவே வழங்குகின்றனர்; அதனை ஏற்பவரோ வசையாகவே கொள்கின்றனர். ஒரு முறையியற் கலைச்சொல் இவ்வாறு ஏச்சுச்சொல்லாகத் தேய்ந்துபோனதால் தமிழாய்வுக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று.

சொல்லும் பொருளும்

இச்சொல்லுக்கு இன்றுள்ள பொருளைத் தந்தவர் வியன்னாவிற் பிறந்த மெய்யியலார் கார்ல் பாப்பர். அவருடைய அறிவியல் தருக்க நூல் ஜெர்மன் மொழியில் 1934இலும், ஆங்கிலத்தில் 1959இலும் வெளிவந்தது. மெய்ப்பிக்கத்தக்க கூற்றே பொருளுடையது என்று வியன்னா வட்டத்தார் வாதிட்டுக்கொண்டிருந்த காலத்தில், பாப்பர் அவ்வளவுகோலைத் தலைகீழாகத் திருப்பினார். 'மிகப் பழைய தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் புள்ளி இல்லை' என்னும் பொதுக்கூற்றை எடுத்துக்கொள்வோம். புள்ளியில்லாத கல்வெட்டு நூறு கிடைத்தாலும் அக்கூற்று முற்றாக மெய்ப்பிக்கப்பட்டதாகாது. நூற்றொன்றாவது கல்வெட்டு மண்ணுக்குள் இருக்கலாம். ஆனால், ஐயத்திற்கிடமின்றிப் புள்ளியிட்ட பழங்கல்வெட்டு ஒன்றே கிடைத்தாலும் கூற்று வீழ்ந்துவிடும். மெய்ப்பித்தலும் பொய்ப்பித்தலும் தராசின் இரு தட்டுகள் அல்ல என்பதே பாப்பரின் முதற்கண்டுபிடிப்பு.

இதன் மறுதலையும் உண்டு. 'அகத்தியம் என்னும் இலக்கண நூல் ஒன்று இருந்தது' என்பது இருப்பினைச் சுட்டும் கூற்று. நாளையே ஏடு ஒன்று கிடைப்பின் அது மெய்யாகிவிடும், கிடைக்காவிட்டால் பொய்யாகிவிடாது. 1887க்கும் 1898க்கும் இடைப்பட்ட பதினோராண்டுகளில் சீவக சிந்தாமணியும் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் உ.வே. சாமிநாதையரால் அச்சேறியதைக் கண்ட சமூகத்திடம், கிடைக்காத நூல் இல்லாத நூல் என்று எவரும் வாதிட முடியாது. எனவே இருப்புக் கூற்று பொய்ப்பிக்கவியலாதது என்பது அதன் இழிவன்று, அதன் இயல்பு. அதன்மீது ஒரு காலக்கணிப்பை ஏற்றி வைக்கும்போதுதான் இடர் தொடங்குகிறது.

ஆக, மூன்று நிலைகளை வேறுபடுத்த வேண்டியிருக்கிறது: இன்னும் நிறுவப்படாதது, நிறுவவே இயலாதது, பொய்க்கவே இயலாதது. சிந்துவெளி எழுத்து திராவிட மொழிக்குரியது என்னும் கருத்து முதல் வகையைச் சார்ந்தது. இருமொழிப் பொறிப்பு ஒன்று கிடைப்பின் அது நிலைக்கும் அல்லது வீழும். அதனை 'அன்ஃபால்சிஃபயபிள்' என்பது பிழை. அது மொழியெழுத்தே அன்று என்று 2004இல் எழுதிய ஃபார்மர், ஸ்ப்ரோட், விட்செல் ஆகியோரின் கட்டுரையை ஏற்காதவரும் ஒன்றை மறுக்க முடியாது. ஐம்பது குறிகளுக்கு மேற்பட்ட நீண்ட பொறிப்பு ஒன்றைக் காட்டினால் பரிசளிப்பதாக ஃபார்மர் அறிவித்தார். தம் கருத்து எவ்விடத்தில் வீழும் என்பதை அவர் தாமே குறித்துக் கொடுத்தார். தமிழ்ப்பக்கத்திலிருந்து அத்தகைய அறிவிப்பு எத்தனை வந்துள்ளது என்பது எண்ணத்தக்கது.

தமிழாக்கம் பற்றியும் ஒரு சொல் கூறியாக வேண்டும். 'நிரூபிக்க முடியாதது' என்று இச்சொல்லை மொழிபெயர்ப்பது, மேற்கண்ட மூன்று நிலைகளையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. 'பொய்யாக்க முடியாதது' என்பதும் பொருந்தாது. ஆங்கிலத்திலேயே அவ்வினைக்குக் கணக்கைத் திருத்துதல், ஆவணத்தைப் போலியாக்குதல் என்னும் பொருள்கள் உண்டு, அவை இங்கே வந்து புகுந்துவிடுகின்றன. இதனினும் தீங்கானது, 'பொய்ப்பிக்கத்தக்க கோட்பாடு' என்றவுடன் அதனைக் குறையுடைய கோட்பாடு என்று மாணவர் எண்ணிவிடுவது. பாப்பரின் கருத்தில் அதுவே கோட்பாட்டின் தகுதி. பழந்தமிழ் வழக்கு இதற்கு உதவக்கூடியது. மழை பொய்த்தது என்கிறோம். வான்சிறப்பு அதிகாரத்திலும் விண் பொய்த்தல் பேசப்படுகிறது. மழை பொய் சொல்லியது என்பது அதன் பொருளன்று. எதிர்பார்த்தது நிகழவில்லை என்பதே பொருள். கோட்பாடும் அவ்வாறே பொய்க்கும். ஆதலின் 'பொய்க்கவியலாக் கூற்று' என்னும் ஆட்சியே பொருத்தமானது. எதிர்பார்ப்பு எதனையும் முன்வைக்காத கூற்றுக்குப் பொய்த்தலும் இல்லை.

கடலும் இடைச்செருகலும்

பாப்பர் தம் இளமையில் கண்ட ஒரு முரணை 1963இல் வெளிவந்த நூலில் விவரிக்கிறார். குழந்தையை நீரில் தள்ளிக் கொல்பவனையும், குழந்தையைக் காக்கத் தன் உயிரைக் கொடுப்பவனையும் ஃப்ராய்டின் கோட்பாடு ஒரே எளிமையுடன் விளக்கிவிடுகிறது. அட்லரின் கோட்பாடும் அவ்வாறே. எதனையும் விளக்கவல்லது என்பது அக்கோட்பாடுகளின் வலிமையாகக் காட்டப்பட்டது. அதுவே அவற்றின் மெலிவு என்றார் பாப்பர். இதற்கு எதிர்ச்சான்றாக அவர் காட்டியது 1919ஆம் ஆண்டு ஞாயிற்று மறைப்பு. ஒளி வளையாதிருந்தால் ஐன்ஸ்டைன் தோற்றிருப்பார்.

தமிழாய்வில் இத்தகைய 'எதனையும் விளக்கும்' கருவிகள் இரண்டு உள. ஒன்று கடல், மற்றொன்று இடைச்செருகல்.

இறையனார் அகப்பொருள் உரை முதற்சங்கம் 4440 ஆண்டும் இடைச்சங்கம் 3700 ஆண்டும் கடைச்சங்கம் 1850 ஆண்டும் நிலவியதாகக் கூறுகிறது, மொத்தம் 9990. இடைச்சங்கத்து அரசர் 59 பேர், புலவர் 3700 பேர், ஆண்டும் 3700. இவ்வெண்களின் ஒழுங்கே அவை வரலாற்றுக் கணக்கல்ல என்பதைக் காட்டுகிறது என்பது ஒரு புறமிருக்கட்டும். உரையாசிரியர் தம் காலத்து மரபைப் பதிவு செய்தார், அவர்மீது பழியில்லை. இன்றைய ஆய்வாளர் அதனை வரலாறாகக் கொள்ளும்போது, 'சான்று எங்கே?' என்னும் வினாவுக்குக் 'கடல் கொண்டது' என்று விடை வருகிறது. சான்று இன்மையே சான்றாகிவிடும் விந்தை இது. சான்று கிடைத்தால் கருத்து மெய். கிடைக்காவிட்டால் கடல்கோள் மெய், ஆதலின் கருத்தும் மெய். இதற்குத் தோல்வி ஏது?

இலெமூரியாவின் கதை இதனினும் அறிவுறுத்தத்தக்கது. 1864இல் விலங்கியலார் ஃபிலிப் ஸ்க்லேட்டர் மடகாசுகரின் லெமூர் இனங்களின் பரவலை விளக்குதற்பொருட்டு அந்நிலப்பரப்பைக் கருதினார். அது நேர்மையான கருதுகோள், பொய்க்கத்தக்கது. 1960களில் கடலடித் தரை விரிவும் நிலத்தட்டு நகர்வும் நிறுவப்பட்டபின் அது பொய்த்தது. நிலவியலார் அதனைக் கைவிட்டனர். தாயகத்தில் கைவிடப்பட்ட அக்கருதுகோள் குமரிக்கண்டத்துடன் இணைக்கப்பட்டுத் தமிழ்நூல்களில் வாழ்ந்துகொண்டிருக்கிறது. பொய்க்கும் இயல்புடையதாகப் பிறந்த கருத்தொன்று, இங்கு வந்தபின் பொய்க்கா வரம் பெற்றது. இத்தனைக்கும் அடக்கமான வடிவில் இதே கருத்தை ஆராய வழியிருக்கிறது. இறுதிப் பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றுள்ளதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. குமரிமுனையை ஒட்டிய கண்டத்திட்டின் ஒரு பகுதி அன்று நிலமாக இருந்திருக்க வேண்டும். அங்கு மனித வாழ்விடம் இருந்ததா என்பது ஆழ்கடல் அகழ்வு விடை சொல்லத்தக்க வினா. அவ்வினாவை எழுப்புவோர் சிலரே. அடியார்க்கு நல்லார் குறித்த 49 நாடுகளுக்கு வரைபடம் வரைவோர் பலர்.

இடைச்செருகல் என்பது கடலைவிட நுண்ணியது. ஏனெனில் அது மெய்யாகவே நிகழ்வது. ஏடெழுதினோர் சேர்த்ததும் விட்டதும் உண்டு என்பதைப் பதிப்பியல் அறிந்தோர் மறார். ஆயின் ஒரு நூற்பா செருகப்பட்டது என்பதற்குச் சுவடி வேறுபாடு, உரையாசிரியர் பாடவேறுபாடு, யாப்பு, சொல்லாட்சி என்று புறத்தே நிற்கும் சான்று வேண்டும். தொல்காப்பிய மரபியலில் அந்தணர், அரசர், வைசிகர், வேளாண்மாந்தர் பற்றி வரும் நூற்பாக்களை எடுத்துக்கொள்ளலாம். இளம்பூரணரும் பேராசிரியரும் அவற்றை நூலின் பகுதியாகக் கொண்டே உரை கண்டுள்ளனர். எனவே அவை செருகப்பட்டன எனின் இளம்பூரணருக்கு முன்பே செருகப்பட்டிருக்க வேண்டும். அங்ஙனம் கூறுவோர் பலரிடம் உள்ள ஒரே சான்று, தொல்காப்பியர் காலத் தமிழ்ச்சமூகத்தில் நால்வகைப் பாகுபாடு இருந்திராது என்பது. அது எவ்வாறு தெரியும்? தொல்காப்பியத்தால் தெரியும். எந்தத் தொல்காப்பியத்தால்? அந்நூற்பாக்களை நீக்கிய தொல்காப்பியத்தால். வட்டம் முழுமையடைகிறது. அந்நூற்பாக்கள் செருகப்பட்டவையாகவே இருக்கலாம். அதனை இவ்வழியில் அறிய முடியாது என்பதே இங்குச் சுட்டப்படுவது.

புள்ளி

காலக்கணிப்பில் பொய்க்கத்தக்க வாதம் எப்படியிருக்கும் என்பதற்கு ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுத் தொகுதியே தக்க எடுத்துக்காட்டு. மெய்யெழுத்தும் எகர ஒகரக் குறிலும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பிய எழுத்ததிகாரம் விதிக்கிறது. தொடக்ககாலத் தமிழ்ப் பிராமியில் புள்ளி இல்லை. பின்னர் வந்த கட்டத்திலேயே அது தோன்றுகிறது. ஆதலின் புள்ளியை விதிக்கும் இலக்கணம் கி.பி. 2ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது என்பது அவர் முடிபு.

இம்முடிபு பலருக்கு உவப்பானதன்று. எனினும் இதன் அமைப்பு நோக்கத்தக்கது. அடுக்கு நன்கு தெரிந்த அகழ்வுக்குழி ஒன்றில், கி.மு. 2ஆம் நூற்றாண்டிற்குரிய பானையோட்டில் தெளிவான புள்ளி ஒன்று கிடைத்தால் மகாதேவனின் வாதம் தளர்ந்துவிடும். அவர் தம் எதிரிகளின் கையில் வாளைக் கொடுத்துவிட்டே களம் இறங்கினார். தொல்காப்பியம் கி.மு.வுக்குரியது என்பார் செய்ய வேண்டியது அப்புள்ளியைத் தேடுவது. அல்லது ஓலையில் வழங்கிய புள்ளி கல்லில் பொறிக்கப்படாமைக்குரிய காரணத்தைப் பிற எழுத்துமுறைகளின் ஒப்புமையால் காட்டுவது. இரண்டும் மதிக்கத்தக்க வழிகள். பெரும்பாலும் நிகழ்வது மூன்றாவது: 'அந்நூற்பாக்கள் பிற்காலத்துச் சேர்க்கை' என்று ஒருவரியில் கடந்துவிடுவது. அவ்வரியை ஏற்றுக்கொண்டால் தொல்காப்பியத்தின் காலத்திற்கு எதிராக எதுவுமே நிற்க முடியாது. எதிராக நிற்பதெல்லாம் சேர்க்கையாகிவிடும். கேட்பதற்கு வெற்றி போலத் தோன்றும் இது, உண்மையில் தொல்காப்பியத்தைக் காலமற்ற நூலாக்கி வரலாற்றிலிருந்து வெளியேற்றுவதாகும்.

எஸ். வையாபுரிப்பிள்ளையை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலாது. தொல்காப்பியத்தை அவர் கி.பி. 5ஆம் நூற்றாண்டிற்குக் கொண்டுவந்தது பிழையாக இருக்கலாம். அவர் காட்டிய வடமொழி ஒப்புமைகள் கடன்தான் என்பதும் ஐயத்திற்குரியது. ஆனால் தாம் எந்தச் சொல்லை, எந்த நூலின் எந்தப் பகுதியை வைத்து அம்முடிபுக்கு வந்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. அதனாலேயே அவரை மறுக்க முடிந்தது. மறுப்பதற்கு இடந்தந்தவரைத் தமிழ்ப்பகைவர் என்றும், இடந்தராதவரைத் தமிழ்க்காவலர் என்றும் கொண்டாடியது இத்துறையின் தீயூழ்.

இக்குறை தொன்மை பேசுவோர்க்கே உரியது என்று கருதுவது தவறு. ஹெர்மன் டீக்கன் 2001இல் வெளியிட்ட நூலில், சங்கப் பாடல்கள் கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பாண்டியர் ஆதரவில் பழமை போலப் புனையப்பட்டவை என்று வாதிட்டார். மொழி தொன்மையானதாக இருக்கிறதே எனின், தொன்மை வேண்டுமென்றே புனையப்பட்டது என்பது விடை. புகழூர்க் கல்வெட்டில் சேர இரும்பொறை மரபினரும், 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டில் அதியமான் நெடுமான் அஞ்சியும் குறிக்கப்பெறுகின்றனரே எனின், பழம்பெயர்கள் பின்னோர்க்கும் தெரிந்திருக்கலாம் என்று கூற அச்சட்டகத்தில் இடமிருக்கிறது. டீக்கனின் நூல் முழுவதையும் ஒரு சொல்லால் தள்ளிவிட முடியாது. பிராகிருத அகப்பாடல்களோடு அவர் செய்த ஒப்பீடு தனியே ஆராயத்தக்கது. எனினும் 'தொன்மை புனையப்பட்டது' என்பது இடைச்செருகலின் இரட்டைப்பிள்ளையே. ஒன்று எதிர்ச்சான்றைப் பிற்காலத்ததாக்கித் தள்ளுகிறது. மற்றொன்று எதிர்ச்சான்றைப் பிற்காலத்தார் போலி செய்ததாக்கித் தள்ளுகிறது. பிறதுறை அவைகளில் 'அன்ஃபால்சிஃபயபிள்' என்று முழங்குவோர் இரண்டாவதை மட்டும் ஐரோப்பிய அறிவியல் நோக்காக ஏற்றுக்கொள்வது ஏன் என்பது அவர்களே விடையிறுக்க வேண்டிய வினா. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடியின் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 580 என்னும் கதிர்க்கரிமக் காலத்தை வெளியிட்டபோது, ஆழமும் மாதிரியும் ஆய்வுமுறையும் வெளிப்படையாக முன்வைக்கப்பட்டன. அடுக்குக்கும் மாதிரிக்கும் உள்ள தொடர்பை ஐயுறுவோர் ஐயுறலாம், மறு ஆய்வு கேட்கலாம். அதனையும் முச்சங்கக் கதையையும் ஒரே சொல்லால் ஒதுக்குவோர் அச்சொல்லின் பொருளை அறியாதவர்.

மணிமேகலை சொல்லும் விபக்கம்

பாப்பரைக் காட்டினால் 'மேலைநாட்டு அளவுகோல்' என்று முகஞ்சுளிப்போர் உண்டு. அவர்கள் மணிமேகலையின் தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதையை ஒருமுறை பொறுமையாகப் பயில்வது நன்று. அறவண அடிகள் ஏதுவுக்கு மூன்று இலக்கணம் கூறுகிறார்: பக்கத்தில் இருத்தல், சபக்கத்தில் இருத்தல், விபக்கத்தில் இல்லாதிருத்தல். சத்தம் அநித்தம், செய்யப்படுதலால், கடம் போல என்று கூறினால் மட்டும் போதாது. நித்தமாகிய ஆகாயத்தில் அவ்வேது இல்லை என்றும் காட்டியாக வேண்டும். சபக்கத்திலும் விபக்கத்திலும் ஒருங்கே செல்லும் ஏது அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியாகத் தள்ளப்படுகிறது. 'கடல் கொண்டது' என்னும் ஏது, நூல் இருந்து அழிந்ததற்கும் பொருந்தும், நூல் இல்லவே இல்லாததற்கும் பொருந்தும். அறவண அடிகளின் அவையில் அது ஒரு நொடியும் நின்றிராது.

இதனால் பாப்பரைச் சாத்தனார் முன்பே கண்டுவிட்டார் என்று எவரேனும் கட்டுரை எழுதத் தொடங்கினால், அது இங்குக் கண்டிக்கப்படும் நோயின் மற்றொரு வடிவமே ஆகும். பௌத்த அளவையியல் வேறு, அறிவியல் மெய்யியல் வேறு. எதிர்நிலையைக் குறிக்காத வாதம் வாதமன்று என்னும் கட்டுப்பாடு தமிழ்க் கல்விமரபுக்குப் புதியதன்று என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

பொய்க்கவியலாதன யாவும் விலக்கத்தக்கன என்பதும் பாப்பர் கருத்தன்று. மெய்யியற் கூற்றுகள் பொருளுடையன என்றும், பண்டைய அணுக்கொள்கை போன்றவை பிற்கால அறிவியலுக்கு விதையாயின என்றும் அவர் ஏற்றார். குறுந்தொகைப் பாடலொன்றின் உள்ளுறையை நயம்பட விரிப்பவரிடம் போய், 'இது பொய்க்குமா?' என்று கேட்பது பேதைமை. நயவுரை நயவுரையாகவே நிற்கட்டும். தன்னை ஆய்வு முடிபு என்று அது கூறிக்கொள்ளாதவரை இடரில்லை.

ஆய்வேட்டின் கருதுகோள்

இச்சிக்கல் பெருங்கோட்பாடுகளில் மட்டும் இருந்திருந்தால் அறிஞர் பூசலென்று விட்டுவிடலாம். அது முனைவர்பட்ட ஆய்வேட்டின் முன்னுரை இயலுக்குள்ளேயே குடிகொண்டுள்ளது. ஆய்வின் நோக்கம், எல்லை, அணுகுமுறை என்னும் உட்தலைப்புகளோடு 'கருதுகோள்' என்பதும் ஓர் உட்தலைப்பு. அதன்கீழ், 'சங்க இலக்கியத்தில் விருந்தோம்பற்பண்பு சிறப்பிடம் பெறுகிறது என்பது இவ்வாய்வின் கருதுகோள்' என்பது போல ஒரு வாக்கியம். நானூறு பக்கம் கழித்து, முடிவுரையில், 'கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது' என்று மற்றொரு வாக்கியம். 'சிறப்பிடம்' என்பதன் அளவு என்ன? எத்தனை பாடலில் வந்தால் சிறப்பு, எத்தனையில் வராவிட்டால் சிறப்பின்மை? வேறெந்தப் பண்பினும் இது சிறந்தது? எதுவும் சொல்லப்படுவதில்லை. பொய்க்க வழியே இல்லாத ஒன்றை மெய்ப்பித்ததாக எழுதுவதற்கு ஒரு மாணவரின் நான்கைந்து ஆண்டுகள் செலவாகின்றன. கருதுகோள் பொய்த்தது என்று முடிந்த தமிழ் ஆய்வேட்டைக் காண்பது அரிது. இயற்பியலிலோ உயிரியலிலோ அவ்வாறு ஒருமுறையும் தோற்காத துறை இருக்குமாயின் அதனை ஐயுறுவர்.

இதே பொருளில் பொய்க்கத்தக்க கருதுகோளை அமைப்பது அரிதன்று. 'விருந்தோம்பலைப் பாடும் அகப்பாடல்களில் பெரும்பான்மை முல்லைத்திணையின' என்று ஒருவர் முன்மொழியலாம். எண்ணிப் பார்த்தால் சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். தவறாயின், மருதத்தில் ஊடல் தணிக்கும் வாயிலாக விருந்து வருவது ஏன் என்னும் புதிய வினா பிறக்கும். தோற்ற கருதுகோள் அடுத்த ஆய்வேட்டுக்கு வித்தாகிறது. தோற்காத கருதுகோள் தானும் வளராது, பிறிதொன்றையும் வளர விடாது.

கருதுகோள் பொய்த்தால் பட்டம் கிட்டாது என்னும் அச்சம் மாணவருக்கு நெறியாளரிடமிருந்தே வருகிறது. நெறியாளருக்கு அவருடைய நெறியாளரிடமிருந்து வந்திருக்கும். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் வழக்கமான வினாக்கள் யாவருக்கும் மனப்பாடம்: இத்தலைப்பைத் தேர்ந்தது ஏன், கண்டறிந்த புதுமை யாது, மேலாய்வுக்குரிய களங்கள் யாவை. இவற்றுள் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, 'எது கிடைத்திருந்தால் இக்கருதுகோளை விட்டிருப்பீர்?' என்று கேட்கலாம். அவ்வினா தேர்வறையில் வரும் என்று தெரிந்தால், முன்னுரை இயலின் அவ்வாக்கியத்தை மாணவர் வேறுவகையாக எழுதத் தொடங்குவர். அவ்வாக்கியத்தை முதலில் படித்து ஒப்பமிடுபவர் நெறியாளர் என்பதால், இதற்கு எதிர்ப்பும் அங்கிருந்தே முதலில் வரும்.